கொடிமரத்தில் இல்லாத எண்

மூன்றாம் எண் கூண்டு ஏறினால் என் கணக்கில் நான்கு வரி ஏறும். ஏழாம் எண் என்றால் பெட்டிச் செய்தி. நாகப்பட்டினத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவனுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் அறுவடை மாதங்கள். அச்சில் வந்ததை ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டர் கணக்குப் போட்டு, மாதக் கடைசியில் மணியார்டர் அனுப்புவார்கள். கும்பாபிஷேகச் செய்தியைப் பாதியாக வெட்டுவார்கள், நகராட்சிக் கூட்டத்தைக் குப்பையில் போடுவார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று தந்தி கொடுத்தால் மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் வரும். கூண்டைக் கண்ணால் பார்த்த தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். அதன் எண்ணைப் படித்து, வீட்டில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வைத்தவர்கள் கோடிப்பேர்.

நாகை துறைமுக அலுவலக வளாகத்தில் கொடிமரம் நிற்கும். இரும்பு வளையங்களைச் சட்டமாக்கி மேலே கறுப்புக் கித்தான் போர்த்தியதுதான் கூண்டு. உருளை ஒரு வகை, கூம்பு ஒரு வகை. மரத்தின் உச்சியில் தொங்கும்போது சின்னதாகத் தெரியும். தரையில் கிடக்கும்போது பார்த்தால் அதன் பருமன் தெரியும், தார் வாடை அடிக்கும், கிழிந்த இடங்களில் சாக்கு ஊசியால் போட்ட தையல் தெரியும். எது மேலே எது கீழே, கூம்பின் முனை வானத்தைப் பார்க்கிறதா கடலைப் பார்க்கிறதா என்பதில்தான் எண் இருக்கிறது. இரவில் கூண்டு கண்ணுக்குத் தெரியாது என்பதால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகளை வரிசை மாற்றித் தொங்கவிடுவார்கள். கயிறு இழுத்த ஊழியர் கப்பிக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டே என்னிடம் சொல்வார்: "என்ன நம்பர், என்ன நம்பர்னு வந்து நிக்கிறே தம்பி. நம்ம ஆளுங்க நம்பரா பாக்குறான்? ஏறுதா எறங்குதான்னுதான் பாப்பான்."

அவர் சொன்னது சரி. அந்த எண்கள் மீனவருக்காக வந்தவையே அல்ல. ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கைகள். கடலில் எங்கோ தாழ்வு மண்டலம் இருக்கிறது என்பது ஒன்று, அது புயலாகிவிட்டது என்பது இரண்டு. மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கைகள். ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். அபாயத்திலேயே ஏன் மும்மூன்று? புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகும் என்றால் ஓர் எண், வலப்பக்கம் விட்டுப் போகும் என்றால் ஓர் எண், நேராக மேலே வரும் என்றால் ஓர் எண். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவது. அது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்து, துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலின் மீது காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுமா, கடலிலிருந்து தரையை நோக்கி வீசுமா என்பது மாறும். கப்பல் மாலுமிக்கு அது உயிர் விஷயம். கூரை வீட்டுக்காரருக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன வித்தியாசம்? எந்தப் பக்கச் சுவர் முதலில் விழும் என்பதுதான்.

கடைசி எண் பதினொன்று. பத்தைவிடப் பெரிய ஆபத்து பதினொன்று என்று பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. தொலைக்காட்சியில் இப்போதும் சொல்கிறார்கள். அப்படி அல்ல. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி தாமாகவே கருதுகிறார், இதுதான் பதினொன்று. மற்றப் பத்து எண்களும் மேலிடத்திலிருந்து வருபவை. இது ஒன்றுதான் கம்பி அறுந்த பிறகு, எதிரே இருக்கும் வானத்தைப் பார்த்து உள்ளூர் ஆள் எடுக்கும் முடிவு. இந்த எண்களை ஏட்டில் எழுதிய வெள்ளைக்காரருக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்று வியந்திருக்கிறேன். ஏட்டுச் சட்டங்களில் உள்ளூர்க்காரரின் கண்ணை நம்பும் சட்டம் அபூர்வம்.

சோழமண்டலக் கரையில் கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. சென்னையில் துறைமுகமே இல்லாத காலம் நீண்டது. கப்பல்கள் திறந்த கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கி ஆளையும் சரக்கையும் கொண்டுவரும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். அக்டோபர் நடுவில் வந்த புயல் அவருடைய கப்பற்படையை ஒரே இரவில் சிதறடித்தது. பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே அரசியல் எப்படித் திரும்பும் என்பதில் அந்த இரவுக்கும் பங்கு உண்டு. 1881இல் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் எழும்பி நின்றபோதும் இதே கதைதான். அந்த நவம்பரில் ஒரு புயல் வந்து அலைதாங்கிகளை உடைத்துப் போட்டது.

எச்சரிக்கை என்ற ஏற்பாடு பிறந்தது வங்கத்தில். கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்ற அதிகாரி கப்பல்களின் நாட்குறிப்பேடுகளை வாங்கிவைத்துக்கொண்டு, எந்த மணிக்கு எந்தத் திசைக் காற்று என்று ஒப்பிட்டு, புயல்களின் வழியைக் கோடு போட்டுப் பார்த்தவர். மாதலா ஆற்றங்கரையில் கானிங் என்ற புதுத் துறைமுகத்தைக் கட்ட அரசு முனைந்தபோது, கடல் ஏறிவந்து இதை அழித்துவிடும் என்று 1853இல் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1858இல் அவர் இறந்தார். 1867 புயல் துறைமுகத்தைக் குலைத்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். அமிதவ் கோஷ் 2004இல் எழுதிய 'தி ஹங்கிரி டைட்' நாவலுக்குள் இந்தப் பிடிங்டன் வருகிறார். ஒரு வானிலை எச்சரிக்கை செய்தியாகித் தோற்று, ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கதையாகி ஜெயித்தது.

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் அறுபதாயிரம் பேர் இறந்ததாகக் கணக்கு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1 இரவு மசூலிப்பட்டினத்தில் கடல் புகுந்து முப்பதாயிரம் பேருக்குக் குறையாமல் போனார்கள். மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இத்தனைக்கும் பிறகு 1875இல் இந்திய வானிலைத் துறையை ஏற்படுத்தி, ஹென்றி பிளான்ஃபோர்டு என்பவரை அதற்குப் பொறுப்பாக்கினார்கள். தென்னாட்டின் தாது வருஷப் பஞ்சம் அடுத்த ஆண்டே தொடங்கியது என்பதை நினைத்தால், வானம் அந்தத் துறைக்கு வைத்த முதல் பரீட்சை எவ்வளவு கொடியது என்று புரியும். தந்திக் கம்பிகள் கரையோரமாக நீண்டன. துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுவேறாக இருந்த சைகைகளை 1898இல் ஒரே முறையாக்கினார்கள். சில்லறை மாற்றங்களோடு அதுதான் இன்றும் நாகை கொடிமரத்தில் ஏறி இறங்குகிறது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அதே வளாகத்திலிருந்துதான் இப்போதும் மண்டல வானிலை மையத்தின் அறிக்கை வருகிறது. தொலைக்காட்சி வந்த பிறகு அந்த இடத்துக்கு ஒரு முகமும் கிடைத்தது. ரமணன் என்ற பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறைதான் ஞாபகம் வரும். விஞ்ஞானி ஒருவர் இவ்வளவு அன்போடு கேலி செய்யப்பட்டது தமிழ்நாட்டில்தான் நடக்கும்.

ஒவ்வொரு புயலுக்கும் மறுநாள், பஞ்சாங்கத்தில் அப்போதே போட்டிருந்தது என்று ஒரு செய்தி வரும். பஞ்சாங்கம் மழையை மரக்காலில் அளக்கும், மேகத்துக்குப் பெயர் சொல்லும், மார்கழி மேக ஓட்டமான கர்ப்போட்டத்தைப் பார்த்து அடுத்த ஐப்பசியைக் கணிக்கும். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. விவசாயி கையில் வேறொன்றும் இல்லாத காலத்து ஏற்பாடு அது. ஆனால் பஞ்சாங்கச் செய்திக்கு எங்கள் டெஸ்கில் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட நிவாரணக் கணக்குக்குக் கொடுத்ததில்லை என்ற ஆற்றாமை உண்டு.

செய்தியை விட்டுவிட்டுக் கதைப் பக்கம் வருகிறேன். எங்கள் கரைக்கு அதிலும் பழைய உரிமை இருக்கிறது. மணிமேகலை காவியத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. ஏன்? மகனைக் காணாத சோழன் அவனைத் தேடி அலைந்ததில் இந்திரவிழா எடுக்க மறந்தான், தெய்வம் சபித்தது. காரணமில்லாமல் கடல் ஏறாது, மனிதர் செய்த பிழை ஒன்று இருக்க வேண்டும் என்று அந்தக் கவிஞர் நினைத்திருக்கிறார். கரியமில வாயு என்று இன்று விஞ்ஞானம் சொல்வதும் மனிதர் செய்ததுதான், கணக்கு மட்டும் வேறு.

நாகைக்கு வந்த பெரிய கதைப்புயல் கல்கியுடையது. 'பொன்னியின் செல்வ'னில் சூடாமணி விகாரத்தில் இளவரசர் காய்ச்சலிலிருந்து தேறிக்கொண்டிருக்கும்போது கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. நடுவில், 1952 நவம்பர் 30 அன்று, நிஜமான புயல் ஒன்று நாகையை அடித்துச் சாய்த்தது. நானூறு பேர் வரை இறந்தார்கள். தஞ்சை ஜில்லாவின் நெல்லும் தென்னையும் போனது. அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட நான் வரவில்லை. ஐந்தாம் பாகத்தில் அந்த அத்தியாயங்கள் வந்தபோது எங்கள் ஊரில் படித்தவர்கள் எந்தக் கடலைப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் என் யோசனை. என் அப்பா பத்திரிகையை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம். சூடாமணி விகாரத்து வெள்ளம் வந்தபோது கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "அதான் நமக்குத் தெரியுமே, மேலே படி" என்றாளாம். நாளிதழில் அந்தப் புயல் ஒரு வாரம் இருந்தது. கதையில் இன்னும் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அந்தமான் பக்கம் உருவான புயல் இலங்கையைக் குறுக்கே கடந்து தனுஷ்கோடியில் இறங்கியது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பிய 653ஆம் எண் பயணி ரயில் தனுஷ்கோடி நிலையத்தை எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டுபோனது. சிக்னல் விளக்கு எரியவில்லை, சற்று நேரம் நின்றார், பிறகு ஊதல் கொடுத்துவிட்டு ஓட்டுநர் வண்டியை எடுத்தார் என்றே அந்த இரவை எல்லோரும் சொல்கிறார்கள். பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை போய், கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி தப்பியது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் அதை மீட்டுக் கட்டிய கதை பாடப்புத்தகம் அளவுக்குப் பிரபலம். அப்போது ராமேஸ்வரம் வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பியது அதைவிடப் பிரபலம். அழிந்த ஊரின் மக்கள் எங்கே குடியேறினார்கள் என்பது பிரபலமாகவில்லை.

1966 நவம்பரில் சென்னையை அடித்த புயல் ஸ்டமாடிஸ் என்ற சரக்குக் கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்து மெரினாவில் தரைதட்ட வைத்தது. சுண்டல் தின்றபடி குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்த்தார்கள். இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு என் காலத்துக்கு வருகிறேன்.

1977 நவம்பர் 12. நாகைக்குத் தெற்கே புயல் கரையேறியது. கூண்டின் எண் கூடிக்கொண்டே போனதைப் பொழுதுசாயும்வரை தந்தியில் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரவில் கம்பி போயிற்று. தொலைபேசி இல்லை, டிரங்க் கால் இல்லை, மின்சாரம் இல்லை. காற்று முதலில் வாடையாக வந்து ஓடுகளைப் பிய்த்தது. கொஞ்ச நேரம் ஓய்ந்தது போல இருந்து, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அறைந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு பக்கச் சுவரும் விழுந்தன. விடிந்ததும் பக்கம் பக்கமாக எழுதினேன், அனுப்ப வழி இல்லை. சாலை முழுக்கப் புளியமரங்கள். வெட்டி வழி செய்துகொண்டு போன ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு தஞ்சாவூர் போய்ச் செய்தியைச் சேர்த்தபோது, தலைமையகம் ஏற்கெனவே நுங்கம்பாக்கத்து அறிக்கையை வைத்துப் 'புயல் கரையைக் கடந்தது, ஆபத்து நீங்கியது' என்று போட்டுவிட்டிருந்தது. எங்களுக்கு ஆபத்து நீங்கவில்லை. உள்ளே நகர்ந்த மழை காவிரியிலும் கிளையாறுகளிலும் இறங்கித் திருச்சி மிதந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். என் பக்கங்களை ஏழாம் பக்கத்தில் போட்டார்கள், பாதியாக.

ஒரு வாரம் போனது. நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் திவிசீமையைக் கடல் விழுங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாவு. அதன் பிறகு நாகை எந்தப் பத்திரிகையிலும் இல்லை. ஒரு புயல் செய்தியில் எவ்வளவு நாள் வாழும் என்பதை அடுத்த புயல்தான் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டில் கற்றுக்கொண்ட பாடம் எனக்குப் பின்னாளில் தொழிலில் ரொம்பப் பயன்பட்டது, பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

அமிதவ் கோஷ் 2016இல் வெளியிட்ட 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' நூலில் ஒரு கேள்வி எழுப்புகிறார்: வானிலை இவ்வளவு தலைகீழாகும்போது தீவிர நாவல்கள் ஏன் அதைத் தொடுவதில்லை? 1978 மார்ச் 17 அன்று தில்லிப் பல்கலைக்கழகப் பகுதியில் வந்த சூறாவளியில் அவரே சிக்கித் தப்பியிருக்கிறார். அதைக் கதையில் வைக்க முயன்று முடியவில்லை. படிப்பவர் இது ஆசிரியர் வசதிக்கு இறக்கிய புயல் என்று நினைப்பார் என்கிறார். ஆங்கில நாவலுக்கு அது பொருந்தலாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்த நமக்குப் பொருந்தாது. நம் தொடர்கதைகளில் புயல் வராவிட்டால்தான் வாசகர் கடிதம் வரும். நம் சிக்கல் வேறு: கதையில் வந்த புயல் கதாநாயகியைக் கரைசேர்த்ததும் போய்விடும். அடுத்த அத்தியாயத்தில் யார் வீட்டிலும் ஓடு மாற்ற மாட்டார்கள்.

வறட்சியைத்தான் தமிழ்க் கதை நன்றாக எழுதியது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் நூலாக வந்தது. சென்னையில் குழாய் வற்றிய ஒரு தெரு, குடம், பம்பு, பக்கத்துவீட்டுச் சண்டை, ஜமுனா என்ற ஒரு பெண். வானிலை என்ற சொல்லே தேவைப்படாமல் ஒரு வானிலை நாவல். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை பாலசந்தர் 1981இல் படமாக எடுத்தார். அத்திப்பட்டியின் தாகத்தை ஊர் ஊராகப் பார்த்தார்கள். மழை இல்லாமை தினமும் நடப்பது, வாசலில் நடப்பது, அதனால் கதைக்குள் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாளிதழுக்கு அது ஆகாது. 'இன்றும் மழை பெய்யவில்லை' என்று நான் ஒரு வரி அனுப்பியிருந்தால் எனக்கு வேலை இருந்திருக்காது.

புயலைச் செய்தி எடுத்துக்கொண்டது, வறட்சியைக் கதை எடுத்துக்கொண்டது. இடையில் வந்து நிற்கிற புதிய ஆபத்தை இரண்டும் சரியாக எடுக்கவில்லை என்பதுதான் என் குறை.

2008 நவம்பரில் நிஷா என்ற புயல் காரைக்கால் அருகே கரையேறியது. காற்றில் அது அப்படி ஒன்றும் பெரிதல்ல. கூண்டைப் பார்த்து யாரும் நடுங்கவில்லை. கடலிலிருந்து அத்தனை தொலைவிலுள்ள ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாற்றில் சென்னை மூழ்கியபோது புயலே இல்லை, எந்தக் கொடிமரத்திலும் பெரிய எண் இல்லை. 2017 நவம்பர் 29 அன்று குமரி முனைக்கு அப்பால் வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை ஒக்கி புயலாக நின்றது. தூத்தூர் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல்காரர்கள். அவர்கள் புறப்பட்ட நாளில் ஏற்றுவதற்குக் கூண்டே இல்லை. கரையில் பின்னர் ஏற்றிய எதுவும் நூற்றுக்கணக்கான கடல்மைலுக்கு அப்பால் இருந்தவர் கண்ணில் படாது.

2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் கஜா எங்கள் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே வந்தது. அதற்கு முறையான எச்சரிக்கை இருந்தது, கூண்டு சரியாக ஏறியது, மீனவர் எவரும் கடலில் இல்லை. பெயரும் சரியாக இருந்தது. வடஇந்தியப் பெருங்கடல் நாடுகள் 2004இலிருந்து புயலுக்குப் பெயர் வைக்கின்றன, இது இலங்கை கொடுத்த பெயர். (புதிய பட்டியலில் இந்தியா கொடுத்தவற்றுள் 'முரசு' இருக்கிறது, தலைப்பு எழுதுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.) ஆனால் கஜா அடித்தது கப்பலை அல்ல, தென்னையை. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தோப்புகளில் இருபது முப்பது வருஷத்து மரங்கள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். புயல் ஓர் இரவு, கடன் அத்தனை வருஷம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. கடலின் மேல்நீர் ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயல் பிழைக்கும். சூடு கூடினால், ஆழம்வரை சூடிருந்தால், ஒரு நாளுக்குள் பல படி ஏறும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும்; தாங்கியதை எங்காவது இறக்கத்தானே வேண்டும். புயல்கள் குறைவாக வந்த அரபிக்கடலில் அவை கூடியிருப்பதையும் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் எழுதியிருக்கிறார்கள். பருவம் தவறிய மழை முன்பும் உண்டு. 1943 மே மாதம், கத்திரி வெயில் நாளில், கடலூரில் ஒரே நாள் 57 சென்டிமீட்டர் பெய்தது. அப்போது அது அதிசயம், இப்போது அடிக்கடி வரும் செய்தி.

பருவநிலை மாற்றத்தையே பொருளாக்கி வைரமுத்து 'மூன்றாம் உலகப் போர்' எழுதினார். ஆனந்த விகடனில் தொடராக வந்து 2012இல் நூலானது. உலகச் சூட்டையும் ஒரு கிராமத்து விவசாயியின் நிலத்தையும் ஒரே கதையில் கட்டிய துணிச்சலை மெச்சுகிறேன். ஆனால் அதில் விஞ்ஞானத்தைப் பாத்திரங்கள் மேடையேறிப் பேசுகிறார்கள். ஜமுனாவின் குடத்துக்கு இருந்த கனம் அந்தப் பேச்சுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். தொலைக்காட்சிக்கோ நேர் எதிர் நோய். கூண்டு ஏறினால் அதன் கீழே நிருபர் குடை பறக்க நிற்க வேண்டும். மழைக்கு இப்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிற எச்சரிக்கை வந்துவிட்டது, கைப்பேசியே அலறி எழுப்புகிறது. 2002இல் சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் மாடியில் டாப்ளர் ரேடார் வைத்த பிறகு மேகத்துக்குள் மழை எவ்வளவு என்றும் தெரிகிறது. ஆனாலும் படம் எடுக்க ஒரு கூண்டு வேண்டியிருக்கிறது. நிறத்தை எப்படிப் படம் எடுப்பது?

2023 டிசம்பர் 17, 18. குமரிக்கடல் பக்கம் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி ஒன்று. புயலுமில்லை, தாழ்வு மண்டலமுமில்லை, பெயருமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. தாமிரபரணிக் கரை முழுக்க நீர். சிவப்பு எச்சரிக்கை நேரத்தோடு வந்ததா இல்லையா என்று பிறகு அரசுகள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டன. திருச்செந்தூரிலிருந்து எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அன்றிரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. எண்ணூறு பேர். அடுத்த நிலையத்துக்குப் போகும் பாதையில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியை விட முடியாது என்று நிலைய அதிகாரி நிறுத்திவைத்தார். மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்கள் செத்து, சாலையும் அறுந்தது. பயணிகளை வெளியே கொண்டுவர 19ஆம் தேதி ஆனது. ஹெலிகாப்டர் பொட்டலம் போடுவதற்கு முன்பே பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஊரும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

1964இல் தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653 போனது, 2023இல் செந்தூர் நின்றது. ஊர்ப் பத்திரிகைகள் அதிகாரியைப் பாராட்டி ஒரு நாள் எழுதின, ரயில்வேயும் பாராட்டியது, மறுநாள் நிவாரண அரசியல் வந்துவிட்டது. மழையோடு மழையாக, இருட்டில், எண்ணூறு பேரை நிறுத்திவைத்த ஒருவரின் இரவை யாராவது நாவலாக எழுத வேண்டும். புதுக்குடியில் அன்றைக்கு எந்த வீட்டு அண்டா முதலில் அடுப்பில் ஏறியது என்று விசாரித்துத் தொடங்கலாம்.